என் மடிக்கு இரண்டு பேர்

பிரசவத்துக்காக மறையூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான், மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது கணவர் வீட்டுக்குத் திரும்பினேன். சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மலையிறங்கி வந்து, கிழக்குப் பாலக்காட்டுத் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. நான் கதவைத் திறப்பதற்குள் நாய் முன்னங்கால்களைக் கண்ணாடியில் வைத்து ஏறிவிட்டது. நகங்கள் கீறும் சத்தம் கேட்டு மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் விழித்து அழுதாள்.

"அதப் புடிங்க, அதப் புடிங்க" என்று கத்தினேன்.

கணவர் இறங்கிப் போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, மாட்டுக்கொட்டகைப் பக்கம் இருந்த தென்னையில் கட்டினார். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமலே உள்ளே போனேன். அது வெளியே ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை மாதம் வழி பார்த்துக்கொண்டிருந்த ஜீவனுக்கு என் வருகை அப்படித்தான் தொடங்கியது.

அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அது தோப்புக் காவலுக்கென்று வளர்ந்துகொண்டிருந்த செம்பழுப்பு நிற நாட்டு நாய். பள்ளிக்கூட வேலை கிடைக்கும்வரை நான் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தேன். கணவர் தோப்புக்குப் போய்விடுவார். அத்தை பால் கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினால், புல் கட்டோடுதான் திரும்புவார். எனக்குப் பேச்சுத் துணை அந்த நாய்தான். வந்த புதிதில் அத்தை என்னை "கண்ணு, கண்ணு" என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் மருமகளை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய் அதை நாய்க்கும் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாளில் வீட்டில் எல்லோருக்கும் அது கண்ணு ஆகிவிட்டது.

என்னோடு ஒட்டிக்கொண்டபின் அது வேறு யாரையும் என் பக்கத்தில் விடாது. கணவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் மூக்கை நுழைத்து, உடம்பை நுழைத்து, கடைசியில் அவரை விளிம்புக்குத் தள்ளிவிடும். ஒருமுறை நாத்தனார் போட்டோ எடுக்க என் கையைப் பிடித்து இழுத்தபோது, அவர் சேலை முந்தானையைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவில்லை. "எம் பொண்டாட்டிக்குக் காவல் பலமா இருக்குதுங்க" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

குழந்தையோடு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மகளுக்குத் தொட்டில் என்னுடைய பழைய பருத்திச் சேலையில் கட்டியது. நாய்க்கு அந்தச் சேலை தெரியும். நான் இல்லாத மாதங்களில் கொடியில் தொங்கிய அதே சேலைக்கு அடியில்தான் படுத்துக் கிடந்ததாம். இப்போது அதற்குள் வேறு ஏதோ அசைகிறது, அழுகிறது. தொட்டிலுக்கு நேர் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். அத்தை ஆட்ட வந்தால் உதட்டைத் தூக்கும். குழந்தை அழுதால் தலையை நிமிர்த்தி மேலே பார்த்து அடித்தொண்டையில் உறுமும். நாங்கள் அதட்டி விரட்டுவோம். போகும். மறுபடியும் வரும்.

பெயர் இன்னொரு தொல்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைக் குனிந்து பார்த்து "கண்ணு" என்றுதான் கொஞ்சுவார்கள். எங்கிருந்தாலும் நாய் பாய்ந்து வந்துவிடும். வந்து பார்த்தால் கூப்பிட்டவர்கள் அதைப் பார்த்து அலறுவார்கள், விரட்டுவார்கள். கூப்பிட்டுவிட்டு ஏன் அடிக்கிறார்கள் என்று அதற்கு எப்படிப் புரியும்?

ஒருநாள் முற்பகல், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாய் மெல்ல வந்து என் முழங்கால் மேல் தாடையை வைத்தது. விரட்ட மனம் வரவில்லை. ஒரு கையால் அதன் நெற்றியைத் தடவினேன். மகள் பால் குடித்தபடியே கையை வீசினாள். அவளுடைய விரல்கள் நாயின் காதில் மாட்டிக்கொண்டு இறுகின.

உறுமல் கேட்டது. அடுத்த கணம் பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். குழந்தையைச் சுற்றியிருந்த துண்டின் ஓரம் கிழிந்து தொங்கியது. அவள் கையில் ஒரு கீறல்கூட இல்லை. நான் போட்ட கூச்சலில்தான் மகள் அழவே ஆரம்பித்தாள். புல் அறுத்துக்கொண்டிருந்த அத்தை அரிவாளோடு ஓடி வந்தார். நாய் அதற்குள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழிந்த துண்டை விரித்து அத்தையிடம் காட்டினேன்.

அன்றிலிருந்து அதைக் கொட்டகையிலேயே கட்டிப் போட்டோம். செய்தி சொந்தங்களுக்குப் போனது. மறையூரிலிருந்து அம்மா தினமும் போன் செய்தார். "ஏண்டி, பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு அந்த நாயி எதுக்கு? எங்கயாச்சும் அனுப்பி விடு." சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அண்ணன், பாப்பாவின் காதுகுத்துக்கு வரும்போது ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான். "தோட்டத்துல ஸ்டோருக்குக் காவலா சங்கிலி போட்டுக் கெடக்கட்டும்." நான் சரி என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கணவர் அடுப்படிக்கு வந்து, "அம்மிணி, காதுகுத்துக்கு இன்னும் நாளிருக்குது. ஆசுபத்திரில ஒருக்காக் காட்டிப்போட்டு அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

மிருக ஆசுபத்திரியில் இருந்தவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த பெண் டாக்டர். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். காது, பல், வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்தார். உடம்பில் நோவு ஒன்றும் இல்லை, ஊசிகளெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறது என்றார். பிறகு எங்களிடம்தான் அதிக நேரம் பேசினார்.

"உறுமினா நீங்க என்ன செய்யும்?"

"அடிப்போமுங்க" என்றார் கணவர்.

"அடிக்கண்டா, அடிக்க வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போன்னு அது சொல்லுது. அடிச்சா சொல்றது நிக்கும். கடி நிக்காது. சொல்லாம கடிக்கும்."

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். எவ்வளவு பழகினாலும் பெரியவர்கள் துணை இல்லாமல் இரண்டையும் ஒரே இடத்தில் விடக்கூடாது. ஒரு நிமிஷம் அடுப்பை அணைக்கப் போவதென்றாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தும் அது குழந்தையைப் பார்த்து இறுகுவது குறையவில்லை என்றால் வேறு நல்ல வீடு பார்ப்பதுதான் இரண்டுக்கும் நல்லது, அதில் தப்பு ஒன்றும் இல்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

கணவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். கன்றுக்குட்டிகளை அடைக்கும் தட்டி போல இடுப்புயரத்துக்கு ஓர் அரைக்கதவு செய்து, எங்கள் அறை வாசலில் பொருத்தினார். நாய் கூடத்தில் நின்று உள்ளே பார்க்கலாம், வர முடியாது. கூடத்து மூலையில் அதற்கென்று கோணிச்சாக்கு மடித்துப் போட்டோம். அந்தச் சாக்கில் அது இருக்கும்போது யாரும் தொடவோ கூப்பிடவோ கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஆனாலும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. குழந்தை விழித்திருந்தால் அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் அது கல் மாதிரி நிற்கும். வாய் மூடியிருக்கும், வால் அசையாது. அந்தப் பார்வை எனக்கு உறுமலைவிடப் பயமாக இருந்தது.

காரணத்தை எடுத்துச் சொன்னவர் அத்தை. அதுவும் எரிச்சலில் சொன்னது. மகளைத் தூங்கப் போட்டுவிட்டு நான் வழக்கம்போலக் கூடத்துக்கு வந்து நாயைக் கட்டிக்கொண்டு தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிணுங்கல் கேட்டதும் அதை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து ஓடினேன். பார்த்துக்கொண்டிருந்த அத்தை பொறுக்காமல் சொன்னார்.

"கொளந்தை தூங்கற நேரத்துல மட்டும் நீ அதையக் கொஞ்சறே. அவ எந்திரிச்சாப் போதும், அதையத் தள்ளி உட்டுட்டு ஓடறே. அந்த நாய்க்கு என்ன தோணும்? இவ எந்திரிக்காமயே கெடந்தாத் தேவுலைன்னுதான் தோணும்."

நான் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. பாவம் என்று நினைத்து நான் செய்துகொண்டிருந்ததெல்லாம், குழந்தை இல்லாத நேரம்தான் நல்ல நேரம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதன்பின் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினோம். மகள் தூங்கும்போது நாயிடம் யாரும் பேச மாட்டோம். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. அது வந்து என் பாதத்தில் முகத்தை வைக்கும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் கண் விழித்ததும் வீடே கலகலப்பாகும். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே அரைக்கதவுக்குப் போய் "கண்ணு, வா" என்று கூப்பிடுவேன். கணவர் அந்தப் பக்கம் நின்று வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகப் போடுவார். காலையில் அத்தை கால் நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் நேரத்தில்தான் நாய்க்கும் சாப்பாடு. குளியல் முடிந்து குழந்தை உள்ளே போனால் தட்டும் உள்ளே போய்விடும்.

முதலில் குழந்தை அழுதால் நாய் ஈரலைத் தொடாது. வாயில் போட்டதைக்கூடக் கீழே விட்டுவிடும். இவ்வளவு கிட்டத்தில் அதற்குத் தாங்கவில்லை என்று புரிந்தது. அதைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனோம். அங்கிருந்து மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்தோம். சில நாள் முன்னேறியதெல்லாம் ஒரே நாளில் பின்னே போய்விடும். ஒரு தீபாவளிப் பட்டாசு எங்களை மறுபடியும் வாசலுக்கே துரத்தியது.

பெயர் விவகாரத்தில் நாய்தான் ஜெயித்தது. "அதுக்குப் பேரை மாத்த முடியாது. இவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது" என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். அதன்படி மகள் தங்கம் ஆனாள். வருகிறவர்களிடம் வாசலிலேயே, "கொளந்தையக் கண்ணுன்னு மட்டும் கூப்பிடாதீங்க" என்று அத்தை சொல்லிவிடுவார். நாய்க்காகக் குழந்தையின் செல்லப் பெயரையே மாற்றுவதா என்று ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் போனார். உண்மையில் அதிகம் தவறியது அத்தைதான். "கண்ணு" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "தங்கம்" என்று முடிப்பார்.

ஒரு காலை நான் மகளைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, கூடத்தில் படுத்திருந்த நாயின் வால் தரையில் பட் பட்டென்று அடித்தது. என்னைப் பார்த்து ஆட்டுகிறது என்றுதான் நினைத்தேன். மகளை அத்தையிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் வந்து நின்றேன். வால் அசையவில்லை. எழுந்து அரைக்கதவுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தது. அத்தை குழந்தையோடு வந்ததும் மறுபடி ஆட்டியது. நான் கணவரைத் தோப்பிலிருந்து போன் போட்டு வரவழைத்துக் காட்டினேன். "ஈரலுக்குத்தான் ஆட்டுது" என்றார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது.

மகள் தவழ ஆரம்பித்தபின் கவலை வேறு மாதிரி ஆகிவிட்டது. இதுவரை தூக்கிக்கொண்டு வந்த இடத்தில் இருந்தவள், இப்போது தானாகவே நாயைத் தேடிப் போகிறாள். நாய்க்குச் சொல்லிக்கொடுத்த அளவு அவளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய உள்ளங்கையை என் கைக்குள் வைத்து, பட்டை போட்டுக் கணவர் பிடித்திருக்கும் நாயின் தோளில் மெல்லத் தடவச் செய்வேன். நாய் முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கிக்கொண்டால், உடனே எடுத்துவிடுவேன். அது போதும் என்று சொல்கிறது என்பதைப் படிக்க நானும் கற்றுக்கொண்டிருந்தேன்.

காதுகுத்து நாள் வந்தது. சொந்தங்கள் நிறைந்த வீடு, வாசலில் பந்தல், சமையல். அண்ணன் சீர்த்தட்டோடு ஜீப்பில் வந்திறங்கினான். ஜீப்பின் பின்பக்கம் புதுச் சங்கிலி ஒன்று கிடந்தது. அவனுடைய மடியில் உட்கார வைத்துத்தான் மகளுக்குக் காது குத்தினார்கள். அவள் கத்திய கத்தலுக்கு, அறைக்குள் அடைத்து வைத்திருந்த நாயும் பதிலுக்குக் குரைத்தது.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும், கணவர் நாயைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சாக்கருகில் தட்டு வைத்துவிட்டு, ஆட்களை வழியனுப்ப வாசலுக்குப் போனார். மகள் அரைக்கதவுக்கு உள்ளே என் சித்தியிடம் இருந்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சித்திக்கு யாரோ வெற்றிலை நீட்ட, வாங்குவதற்காக அரைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவர் அதைச் சாத்தவில்லை.

ஈரமான மூக்கு ஒன்று என் கணுக்காலில் இடித்தது. திரும்பினால் நாய். சாப்பாட்டு நேரத்தில் தட்டை விட்டு அது எங்கும் வராது. வந்தது மட்டுமில்லை, என்னைப் பார்ப்பதும் கூடத்தைத் திரும்பிப் பார்ப்பதுமாக நின்றது. வாய் இறுகியிருந்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கூடத்தில் மகள் நாயின் சாக்கு மேல் உட்கார்ந்து, அதன் தட்டிலிருந்து சோற்றை அள்ளி அள்ளித் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதில் புதுக் கம்மல், கன்னமெல்லாம் சோறு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அதன் படுக்கை, அதன் சோறு, பக்கத்தில் பெரியவர்கள் யாருமில்லை. டாக்டர் எதுவெல்லாம் கூடாது என்றாரோ அதெல்லாம் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. உறுமியிருக்கலாம். கடித்திருக்கலாம். அது தட்டை விட்டு எழுந்து என்னிடம் வந்திருக்கிறது. நாய் அடுப்படி வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தது. கிட்டே வரவில்லை. "கண்ணு" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். அதற்குக் கேட்டுவிட்டது. வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டது.

மாலையில் அண்ணன் கிளம்பும்போது கேட்டான். "என்ன தங்கச்சி, நாய வண்டில ஏத்திருவமா?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை சொன்னார். "நாய் எங்கயும் போகலீங்க. அது ஒழுங்காத்தான் இருக்குது. கதவைச் சாத்தத் தெரியாத மனுசங்களைத்தான் எங்கியாச்சும் ஏத்தி உடோணும்."

சித்தி முகத்தைச் சுளித்துக்கொண்டார். அண்ணன் சிரித்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நடந்ததை அதன் நல்ல குணத்துக்குச் சான்றாகப் பலரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை அது விலகி வந்தது, மறுமுறை அதற்கு விலகிப்போக வழியில்லாமல் போகலாம். கணவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மறுநாளே அரைக்கதவில் தானாகச் சாத்திக்கொள்ளும் சுருள்கம்பியும், குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாளும் வந்துவிட்டன. நாயின் சாப்பாடு கொட்டகைக்கு மாறியது. விருந்தாட்கள் வரும் நாளில் அதுவும் அங்கேயே, கடிக்க ஓர் எலும்போடு.

இப்போது மகள் ஓடுகிறாள், பேசுகிறாள். சாக்கில் நாய் படுத்திருந்தால் அருகில் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தள்ளி நின்று "வர்றியா?" என்று கேட்பாள். வந்தால் தடவுவாள். வராவிட்டால் "தூங்குது" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டுப் போய்விடுவாள். சில நாள் மறந்து அதன் வாலைப் பிடிக்கப் போவாள். அதற்காகத்தான் நாங்கள் மூவரில் ஒருவர் எப்போதும் கூடவே இருக்கிறோம்.

மகள் நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில், விடுப்பு முடிந்து நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் நாள், ஜூன் மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் அத்தையின் இடுப்பில் இருந்து அழுதாள். நாய் வேலியோரம் பஸ் வரும்வரை நின்றது. அன்று வகுப்பில் என் மனம் நிற்கவில்லை.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. தோப்பு வழியில் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்ட நாய் காதை மடக்கிக்கொண்டு அம்பாகப் பாய்ந்து வந்தது. பாதி வழியில் நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தது. அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து மகள் வந்துகொண்டிருந்தாள். நாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய், அத்தையின் மறுபக்கமாகச் சேர்ந்துகொண்டு, அவர்கள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தது. நான் குடையை மடக்கிவிட்டு அங்கேயே நின்றேன், மூவரும் வந்து சேரட்டும் என்று.